விதியும் வீதியும்: சாலை விபத்துகளைத் தடுக்க நாம் என்ன செய்ய வேண்டும்?

ஊர் வாட்ஸ்அப் குழுமத்தில் "இன்னா லில்லாஹி" என்று தொடங்கும் செய்தி வந்தால் நம் கண்கள் முதலில் வயதைத் தேடும். எழுபது, எண்பது என்றிருந்தால் துஆச் செய்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். பத்தொன்பது, இருபத்திரண்டு என்றிருந்தால் மனம் திடுக்கிடும். "என்ன ஆச்சு?" என்று யாராவது கேட்பார்கள். பெரும்பாலும் பதில் இரண்டே சொல்தான்: "பைக் ஆக்சிடெண்ட்."

பிறகு ஜனாஸா, கப்ருஸ்தான், மூன்று நாள் துக்கம். வெளிநாட்டில் இருக்கும் வாப்பா மகனின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க விமானம் பிடித்து ஓடி வருவார். ஆறுதல் சொல்லப் போகிற நாம் எல்லோரும் ஒன்றையே சொல்வோம்: "தக்தீர். அல்லாஹ்வின் நாட்டம். பொறுமையாக இருங்கள்."

சொல்வது உண்மைதான். மவ்த்தின் நேரம் அல்லாஹ் குறித்தது. ஆனால் அதே வளைவில் அடுத்த மாதமும் ஒருவர் விழுந்தால், அதே பள்ளிக்கூட வாசலில் மறு வருடமும் ஒரு பிள்ளை அடிபட்டால், அப்போதும் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது ஈமானா, அல்லது நம் பொறுப்பைத் தட்டிக் கழிப்பதா? இந்தக் கேள்வியைத்தான் இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

எண்ணிக்கை சொல்லும் செய்தி

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாலை விபத்தில் இறக்கிறார்கள். 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் நோயல்ல, சாலை விபத்து. இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நடந்து செல்பவர்கள், சைக்கிளில் செல்பவர்கள், இருசக்கர வாகனத்தில் செல்பவர்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் 1,68,491 பேர் சாலையில் உயிரிழந்தார்கள். கணக்குப் பார்த்தால் மணிக்கு 19 பேர். ஒரு ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லி, குத்பா முடிந்து, தொழுது கலைவதற்குள் நாட்டின் சாலைகளில் ஏறக்குறைய இருபது உயிர்கள் போய்விடுகின்றன.

அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் 64,105. இந்திய மாநிலங்களிலேயே இதுதான் அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர், அதாவது நாளொன்றுக்கு 49 ஜனாஸாக்கள். 2016-ல் 17,218 ஆக இருந்த இந்த எண்ணிக்கை 2019-ல் 10,525 ஆகக் குறைந்ததாக அரசுப் பதிவுகள் சொல்கின்றன. பிறகு மீண்டும் ஏறிவிட்டது. இதில் நமக்கு ஒரு நம்பிக்கையும் இருக்கிறது, ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. குறைக்க முடியும் என்பது நம்பிக்கை. கவனம் தளர்ந்தால் பழைய நிலைக்கே திரும்பிவிடும் என்பது எச்சரிக்கை.

தக்தீர் என்றால் கை கட்டி நிற்பதல்ல

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு ஸர்க் என்னும் இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளை நோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. தோழர்களிடம் ஆலோசனை கேட்டுவிட்டுத் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின்பால் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். செழித்த மேய்ச்சல் நிலமும் வறண்ட நிலமும் எதிரே இருந்தால், ஒட்டகத்தை எதில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதானே என்றும் கேட்டார்கள்.

இது ஹதீஸ் நூல்களில் வரும் புகழ்பெற்ற சம்பவம். ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதிலிருந்து மக்களைக் காப்பதும் தக்தீருக்குள் அடங்கியதே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்ததும் இதே பாடம்தான். ஹெல்மெட் அணிவதும், வேகத்தடை கேட்டு மனுக் கொடுப்பதும் நம் காலத்தில் ஒட்டகத்தைக் கட்டும் வேலைகள்.

மனிதன் தவறு செய்வான், சாலை அதைத் தாங்க வேண்டும்

விபத்து என்றவுடன் நாம் ஓட்டியவரை மட்டுமே பார்க்கிறோம். "கவனமாகப் போயிருக்கலாம்" என்கிறோம். தவறு ஓட்டியவரிடம் இருக்கலாம். ஆனால் மனிதனாகப் பிறந்தவன் தவறு செய்யாமல் இருக்க மாட்டான். ஒரு நொடி கவனம் பிசகியதற்கு உயிரே விலையாக வேண்டுமா?

சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997-ல் இந்தக் கேள்வியை எழுப்பி ஒரு கொள்கையை ஏற்றது. சாலையில் ஒருவர்கூட இறக்கக் கூடாது, பலத்த காயம் அடையக் கூடாது என்பதே இலக்கு. ஓட்டுபவருக்கு மட்டுமல்லாமல் சாலையைத் திட்டமிட்டவருக்கும், கட்டியவருக்கும், வாகனம் தயாரித்தவருக்கும் பொறுப்பு உண்டு என்று அக்கொள்கை சொன்னது. எதிரெதிர் வாகனங்கள் மோதாதபடி நடுவே கம்பித் தடுப்பு போட்டார்கள். நாற்சந்திகளில் ரவுண்டானா அமைத்தார்கள். மக்கள் நடமாடும் தெருக்களில் வேகத்தைக் குறைத்தார்கள். 1997-ல் 541 பேர் இறந்த அந்நாட்டில் 2020-ல் இறந்தவர்கள் 204 பேர். இந்த இடைவெளியில் வாகனங்கள் குறையவில்லை, அதிகமாகத்தான் ஆகியிருந்தன.

இதில் வேகத்தின் பங்கு மிகப் பெரியது. 2022-ல் இந்தியாவில் நடந்த சாலை மரணங்களில் 71 விழுக்காட்டுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியுள்ளது. இதை எளிய கணக்கில் புரிந்துகொள்ளலாம்.

குறுக்கே ஒரு பிள்ளை ஓடி வருவதைக் கண்டு மூளை சுதாரித்து பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அந்த ஒரு நொடியில் 8 மீட்டர் கடப்பார். பிரேக் பிடித்த பின் இன்னும் 5 மீட்டர். நல்ல, காய்ந்த சாலையில் ஏறத்தாழ 13 மீட்டரில் நின்றுவிடுவார். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவரோ பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்பே 16 மீட்டருக்கு மேல் கடந்திருப்பார். 30-ல் வந்தவர் முழுமையாக நின்றுவிட்ட இடத்தை, 60-ல் வந்தவர் சற்றும் வேகம் குறையாமல் தாண்டிச் செல்கிறார். முதல் பிள்ளை பயந்து அழுதுகொண்டே வீட்டுக்குப் போகும். இரண்டாவது பிள்ளையின் கதி நமக்குத் தெரியும்.

ஆகவேதான் பள்ளிக்கூடம், மத்ரஸா, கடைவீதி, பள்ளிவாசல் இருக்கும் இடங்களில் வேகம் 30-ஐத் தாண்டக் கூடாது என்று உலகம் முழுவதும் நிபுணர்கள் வலியுறுத்துகிறார்கள்.

நம் ஊர்களின் நிலை

முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை என நம் மக்கள் அதிகம் வாழும் கடலோர ஊர்கள் பலவற்றைக் கிழக்குக் கடற்கரைச் சாலை தொட்டுச் செல்கிறது. தொலைதூரம் செல்லும் லாரிக்கும் காருக்கும் அது விரைவுச் சாலை. நமக்கோ அது பால் வாங்கக் கடக்கும் தெரு, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழி. ஒரே சாலைக்கு இப்படி இரண்டு வேலை கொடுத்தால் உயிர்ச்சேதம் ஏற்படாமல் என்ன செய்யும்?

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ஊருக்குள் நுழையும் இடத்தில் சாலையின் அமைப்பே மாற வேண்டும். முன்னெச்சரிக்கைப் பலகை, வேகத்தைக் குறைக்கும் பட்டைக்கோடுகள், உயரமான நடைபாதை, தெருவிளக்கு, கடப்பவர் நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு, இவை ஐந்தும் இருந்தாலே ஓட்டுநரின் கால் தானாகப் பிரேக்கைத் தேடும். புறவழிச்சாலை வந்த ஊர்களிலும் அது பழைய சாலையைச் சந்திக்கும் முனைகளில் விளக்கும் ரவுண்டானாவும் இல்லாவிட்டால் ஆபத்து இடம் மாறுமே தவிரத் தீராது.

வேகத்தடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. விபத்து நடந்த ஆத்திரத்தில் இரவோடு இரவாக நாமே சிமெண்டைக் கொட்டி மேடு போடுவது பல ஊர்களில் வழக்கம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு சீராக வளைந்திருக்க வேண்டும். அதன்மேல் வெள்ளைப் பட்டை வேண்டும், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வேண்டும். குறுகலாக, செங்குத்தாக, வண்ணமின்றிப் போடப்படும் மேடு, இரவில் மனைவியையும் குழந்தையையும் ஏற்றி வரும் ஒருவரைத் தூக்கி எறியும். உயிரைக் காக்க நினைத்துப் போட்டதே உயிரை எடுத்துவிடும்.

தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் மரணமோ பலத்த காயமோ ஏற்படுத்திய 5 விபத்துகள் நடந்திருந்தால், அல்லது 10 பேர் இறந்திருந்தால், அந்த இடம் 'பிளாக் ஸ்பாட்' என்று குறிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட வேண்டும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வகுக்கப்பட்ட தரத்தில் சாலையை வடிவமைக்காமலோ, கட்டாமலோ, பராமரிக்காமலோ விட்டதால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இந்தச் சட்டம் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாததால் கேட்பதில்லை, கேட்காததால் கிடைப்பதில்லை.

பாதைக்கு மார்க்கம் கொடுத்த இடம்

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்பதை மத்ரஸாவில் படித்த நாளிலிருந்து நாம் அறிவோம். மக்களுக்கு இடையூறாக இருந்த ஒரு முட்கிளையை அகற்றியவருக்கு அல்லாஹ்வின் மன்னிப்புக் கிடைத்தது என்ற செய்தியையும் பயான்களில் கேட்டிருக்கிறோம். பாதையின் அகலம் குறித்துத் தகராறு வந்தால் ஏழு முழம் விட வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்திருக்கிறார்கள். சுமை ஏற்றிய வாகனப் பிராணிகள் இடிபடாமல் போய்வர அந்த அகலம் போதுமானது என அறிஞர்கள் விளக்குகிறார்கள். மக்கள் நெருக்கடியின்றிப் போய்வர வழி விடுவது ஊரைத் திட்டமிடுவதன் முதல் பாடம் அல்லவா?

இப்போது நம்மை நாமே பார்த்துக்கொள்வோம். ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் இரண்டு வரிசை, மூன்று வரிசையாக வண்டிகளை நிறுத்துகிறோம். நடைபாதைமேல் கடையின் படிக்கட்டைக் கட்டுகிறோம். கல்யாணப் பந்தலைத் தெருவின் பாதிக்குப் போடுகிறோம். நடைபாதை பறிபோனால் வயதான உம்மாக்களும் பள்ளிப் பிள்ளைகளும் வண்டிகள் ஓடும் பாதையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். 2022-ல் நாட்டில் இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். முட்கிளையை அகற்றினால் நன்மை என்றால், பாதையில் முட்கிளையைப் போடுபவர் யார்?

போக்குவரத்து விதிகளை "அரசாங்கச் சட்டம்தானே" என்று அலட்சியமாக நினைப்பவர்களும் நம்மில் உண்டு. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1993-ல் புருணையில் கூடியபோது, ஷரீஅத்துக்கு முரணாகாத போக்குவரத்து விதிகளுக்குக் கட்டுப்படுவது மார்க்க அடிப்படையிலேயே கடமை என்று தீர்மானித்தது. மக்களின் உயிரையும் உடைமையையும் காப்பது அவற்றின் நோக்கம் என்பதே காரணம். தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவர் மீது குர்ஆன் விதித்துள்ள தியத்தையும் கஃப்பாராவையும் நினைத்துப் பார்த்தால், வண்டிச் சாவியைக் கையில் எடுக்கும்போதே கை நடுங்க வேண்டும்.

பெற்றோர்களே, சாவி யார் கையில்?

வளைகுடாவில் வெயிலில் உழைக்கும் வாப்பா, அருகில் இல்லாத குறையைத் தீர்க்க மகன் கேட்டதை வாங்கிக் கொடுக்கிறார். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கையில் வேகமாகப் பாயும் பைக் வந்துவிடுகிறது. வீட்டில் உள்ள உம்மாவால் தடுக்க முடிவதில்லை. ரமலான் இரவுகளில் தராவீஹ் முடிந்து ஸஹர் வரை தெருக்களில் பறக்கும் வண்டிகளின் சத்தத்தை நாம் எல்லோரும் கேட்கத்தான் செய்கிறோம். ஒரு வண்டியில் மூன்று பேர், ஒருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 18 வயது நிறையாதவர் பைக் ஓட்டக் கூடாது. 16 வயதில் கிடைக்கும் உரிமம் 50 சி.சி.க்கு மிகாத வண்டிக்கு மட்டுமே. இன்று கடைகளில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் ஏறக்குறைய எல்லாமே அதைவிடப் பெரியவை. சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளை 25 வயது வரை உரிமம் பெற முடியாது. வெளிநாட்டு வேலைக்கு டிரைவிங் லைசென்ஸைப் பெரிதாக எண்ணும் நம் சமூகம் இதை யோசிக்க வேண்டும்.

ஹெல்மெட் அணிவது மரண அபாயத்தைச் சுமார் 40 விழுக்காடும், தலைக்காய அபாயத்தைச் சுமார் 70 விழுக்காடும் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 2022-ல் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அவர்களில் 14,000-க்கும் மேற்பட்டவர்கள் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்பது சட்டம். "பக்கத்துத் தெருதானே" என்று நாம் சொல்லலாம், தலைக்கு அது தெரியாது.

நம் பெண்களின் உடை குறித்தும் கவனம் தேவை. பர்தாவின் ஓரமும் துப்பட்டாவும் பின்சக்கரத்தில் சிக்கினால் நொடியில் கீழே இழுத்துவிடும். பின்சக்கரத்தைப் பாதியளவாவது மூடும் காப்பு, கைப்பிடி, கால் மிதி மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. அழகுக்காகக் காப்பைக் கழற்றிவிடாதீர்கள். இருட்டில் கறுப்பு உடை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. ஃபஜ்ருக்கும் தராவீஹுக்கும் நடந்து போகிறவர்கள் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டையைக் கைப்பையிலோ கையிலோ வைத்துக்கொள்வது எளிய வழி.

விபத்து நடந்துவிட்டால்

"போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று பயந்து அடிபட்டவரைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் காலம் முடிந்துவிட்டது. உதவி செய்பவரைக் காக்க உச்ச நீதிமன்றம் 2016-ல் வழிகாட்டுதல்களுக்கு ஒப்புதல் அளித்தது. பிறகு 134-ஏ பிரிவாகச் சட்டமே வந்துவிட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குத் தொடர முடியாது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது. காப்பீட்டு அட்டை இருக்க வேண்டியதில்லை. வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. ஆகவே "பணம் யார் கட்டுவது?" என்று யோசித்து நேரத்தை இழக்காமல் 108-ஐ அழையுங்கள். கழுத்தும் முதுகும் அசையாமல் தூக்குவது முக்கியம். ஆட்டோவில் மடித்துத் திணித்துக் கொண்டுபோனால் பிழைக்க வேண்டியவர் நிரந்தரமாகப் படுக்கையில் விழக்கூடும்.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும் குடும்பம் கைவிடப்படவில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் இத்தகைய விபத்தில் மரணத்துக்கு 2 லட்சமும், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் இழப்பீடு உண்டு. வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையிலான விசாரணை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். மோதியவர் யாரெனத் தெரிந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று இப்போதைய சட்டம் கூறுவதால் இத்தாவும் துக்கமும் முடியட்டும் என்று காத்திருக்காமல், ஜமாஅத்தில் விவரம் அறிந்த ஒருவர் இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்வது நல்லது.

ஜமாஅத்துகள் தொடங்கி வைக்கட்டும்

நிக்காஹ், தலாக், சொத்துத் தகராறு என எத்தனையோ விஷயங்களைப் பேசித் தீர்க்கும் நம் ஜமாஅத்துகளால் இதையும் செய்ய முடியும்.

முதலாவதாக, ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஊர் எல்லைக்குள் நடந்த ஒவ்வொரு விபத்தின் இடம், நாள், நேரம், எப்படி நடந்தது என்பதை எழுதி வையுங்கள். ஓராண்டு எழுதினால் எந்த முனை உயிரைக் குடிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவதாக, அந்த விவரத்தோடு மாவட்ட ஆட்சியரிடம் செல்லுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அவரே தலைவர். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கிராமமாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பக்கத்துத் தெருக் கோயில் நிர்வாகிகளையும், தேவாலயத்தாரையும், வியாபாரிகள் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு போங்கள். லாரி யாருடைய மதத்தையும் கேட்டு மோதுவதில்லை.

மூன்றாவதாக, நம் வீட்டை நாமே சரிசெய்வோம். ஜும்ஆவுக்கு வண்டி நிறுத்த ஓர் இடத்தை ஒதுக்கி, ஒழுங்குபடுத்த இளைஞர் நான்கு பேரை நிறுத்தலாம். ரமலானுக்கு முன் ஒரு குத்பாவை இதற்கென ஒதுக்கும்படி இமாமிடம் கேட்கலாம். மத்ரஸா விடும் நேரத்தில் பிள்ளைகளைச் சாலை கடத்திவிட ஒருவரை நியமிக்கலாம். நிக்காஹ் அன்பளிப்பாக மணமக்களுக்கு இரண்டு தரமான ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கலாம்.

ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவரைப் போன்றவர் என்ற கருத்தைக் குர்ஆன் நமக்குத் தந்திருக்கிறது. அந்த நன்மையைப் பெற டாக்டராக வேண்டியதில்லை. ஒரு மனு, ஒரு விளக்குக் கம்பம், மகனிடமிருந்து திரும்ப வாங்கி வைக்கும் ஒரு சாவி போதும். யாருடைய உயிரை நாம் காத்தோம் என்பது நமக்கே தெரியாமல் போகலாம், ஏனென்றால் அவருக்கு எதுவும் நேர்ந்திருக்காது. அல்லாஹ்வுக்கு அது தெரியும்.

நம் பிள்ளைகளையும், வழிப்போக்கர் அனைவரையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! பாதையிலுள்ள தொல்லையை அகற்றும் கூட்டத்தில் நம்மையும் சேர்ப்பானாக! ஆமீன்.